மஹாவின் வண்டிமேல் விழுந்த பழி

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பிய மஹா, தன் வீட்டுக் கதவில் நீல டேப் போட்டு ஒட்டியிருந்த காகிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். சனிக்கிழமை மாலை ஏழே முக்கால் மணி வாக்கில், குடியிருப்பின் பின்வாசல் சாலையில் அவளுடைய கார் வட்டமடித்துப் புகை கிளப்பியதாகப் புகார் வந்திருக்கிறதாம். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் பயந்து ஒதுங்கி, விழுந்து அடிபட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் காரை வளாகத்திலிருந்து அகற்ற வேண்டும். தவறினால் இழுத்துச் செல்லப்படும். லீஸைப் புதுப்பிப்பது பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். கீழே குடியிருப்பு மேனேஜரின் கையெழுத்து.

யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மஹாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு அவள் அந்தக் குடியிருப்பு இருக்கும் இர்விங் நகரிலேயே இல்லை.

மஹாவுக்கு இருபத்தேழு வயது. கரூர் பக்கம் பள்ளபட்டி. சென்னையில் இன்ஜினியரிங், டெக்சாஸில் எம்.எஸ். முடித்து, லாஸ் கொலினாஸில் ஒரு கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கிறாள். கோபம் அவளுக்குப் புதிதல்ல. ஊரில் அண்ணன் ஹஸ்னைனுக்குப் பதினெட்டு முடிந்த மாதமே வாசலில் பைக் வந்து நின்றது. இவளுக்குப் பதினெட்டு முடிந்தபோது, "பஸ்ஸுதான் காலேஜ் வாசல்லயே நிக்குதே" என்றார்கள். இர்விங்குக்கு வந்த முதல் வருடம், நாலு மைல் தள்ளியிருந்த ஆபீஸுக்கு ரயிலும் பஸ்ஸும் மாறி ஒன்றேகால் மணி நேரம் போய்க்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் வெயிலில் நிழலில்லாத பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் முடிவு செய்தாள். லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கியபின் ஏதோ ஒரு கார் வாங்கக்கூடாது, தனக்குப் பிடித்த கார்தான் வாங்க வேண்டும்.

பிடித்த கார் எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எட்டு சிலிண்டர் வி-எய்ட் எஞ்சின், கையால் மாற்றும் ஆறு கியர், இரண்டே கதவு, நீளமான முன்பக்கம். அமெரிக்கர்கள் மசில் கார் என்று சொல்லும் ரகம். ஐந்து வருடம் ஓடிய ஒன்று, அடர்நீல நிறம், முன்பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு, கார்லாண்ட் பக்கம் ஒரு டீலரிடம் நின்றது. நரைத்த மீசை விற்பனையாளர் முதலில், உங்கள் கணவர் எப்போது வருவார் என்று கேட்டார். கணவரெல்லாம் கிடையாது என்றதும், ஒரு சின்ன எலெக்ட்ரிக் காரின் பக்கம் அவளை நடத்திக்கொண்டு போகப் பார்த்தார். "உங்கள் வயதுக்காரர்கள் இதையெல்லாம் இப்போது கேட்பதே இல்லை" என்றார்.

"நான் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறேன்? என் வயதை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?" என்றாள் மஹா.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதே பேச்சு ஆபீஸிலும் வந்தது. ஒரு கூட்டத்தில், இளைஞர்களுக்கு மசில் கார்களிலும் டிராக் ரேஸ் என்னும் நேர்ப்பாதைப் போட்டியிலும் ஆர்வம் போய்விட்டது என்று யாரோ ஒரு வரைபடம் காட்டினார்கள். கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது. மஹா கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வயதுப் பையன் இந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கேட்டால், நம் கம்பெனி சொல்லும் தொகை அவன் வீட்டு வாடகையைத் தொடுகிறது. கடையை நாமே பூட்டிவிட்டு, ஆளே வரவில்லை என்று எழுதிவைப்பது என்ன நியாயம் என்று கேட்டாள். அவள் மேனேஜர், "நீ ஒரு விதிவிலக்கு, மஹா" என்று முடித்துவிட்டார். அந்த வார்த்தையை அவளால் பல நாள் செரிக்க முடியவில்லை.

விதிவிலக்கா? டாலஸுக்குத் தெற்கே ஒரு மணி நேரம் போனால் ஒரு டிராக் ஸ்ட்ரிப் இருக்கிறது. அம்பு மாதிரி நேரான கால் மைல் தார்ப்பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேன், நடுவே மஞ்சள் பச்சை விளக்குக் கம்பம். சில சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். நுழைவாயிலில் டயர், பெல்ட், பேட்டரி எல்லாம் பார்ப்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் வேகமான வண்டியை விடமாட்டார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். மஹா அங்கே போகும் ஒவ்வொரு முறையும் நூறு வண்டிக்குக் குறையாமல் வரிசை நிற்கும். ஓட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு அப்படியே வந்த பெண், தகப்பனாரின் பிக்கப் ட்ரக்கைக் கொண்டுவந்த அண்ணன் தம்பி, டர்போ வைத்த சின்ன ஜப்பான் காரோடு கல்லூரி மாணவர்கள்.

எல்லோரும் வி-எய்ட் வைத்திருக்கவில்லை என்பது உண்மைதான். அதை மஹா ஒப்புக்கொள்வாள். அந்தச் சின்ன வண்டிக்காரர்களோ அவள் முன்பக்க மூடியைத் திறந்தால் வந்து கூடி நின்றுவிடுவார்கள். பிடிக்காமல் வாங்காமல் இருப்பது வேறு, வாங்க முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. வரைபடம் போடுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அந்தச் சனிக்கிழமையும் அவள் அங்கேதான் இருந்தாள். சூரியன் இறங்கும் நேரத்தில் அவளுக்கு வலது லேன் கிடைத்தது. கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய நம்பர் 417. இடது லேனில் 418 வந்து நின்றது. வெள்ளை நிற எலெக்ட்ரிக் குடும்பக் கார். பின் கண்ணாடியில் வெயில் மறைக்கும் வலை, உள்ளே ஒரு டப்பா டிஷ்யூ பேப்பர். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் திரும்பிக் கையை ஆட்டியது. மஹா உற்றுப் பார்த்தாள். அனன்யா. அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் பத்மநாபன் அங்கிளின் மகள். இருபது வயது, கல்லூரியில் மூன்றாம் வருடம்.

யோசிக்க நேரமில்லை. மஞ்சள் விளக்குகள் எரிந்தன, பச்சை விழுந்தது. மஹா நன்றாகத்தான் கிளம்பினாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், எஞ்சின் முழக்கம் நெஞ்செலும்பில் இடித்தது. பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் நழுவி முன்னால் போனது. போனதுதான், பிடிக்கவே முடியவில்லை. முடிவில் கொடுத்த சீட்டில் இரண்டு லேன் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தன. வலது 12.71 வினாடி, இடது 11.94. மேலே தேதி, மணி 7:42.

"டிஷ்யூ டப்பா வெச்ச வண்டிகிட்ட தோத்துட்டேன்" என்று மஹா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கத்தினாள்.

அனன்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "இது லிஃப்ட் மாதிரி, மஹா அக்கா. பட்டனை அமுக்கினால் போகும். உங்களுடையதுதான் கார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் லைப்ரரி என்று சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்றும் சொன்னாள்.

"நான் எதுக்கு சொல்லப்போறேன்?" என்றாள் மஹா. அப்போது அது சாதாரண பேச்சாக இருந்தது.

நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மஹா நேராகப் பத்மநாபன் வீட்டுக்குப் போனாள். புகார் கொடுத்தது அவர்தான் என்று கண்டுபிடிக்க சிரமமே இல்லை. குடியிருப்பின் தமிழ் வாட்ஸப் குழுவில் அவரே எழுதியிருந்தார், கூடவே பார்க்கிங்கில் நிற்கும் அவள் காரின் படம், நம்பர் பிளேட்டோடு. கீழே முப்பத்தேழு கட்டைவிரல்கள். போன மாதம் அவளிடம் வந்து இன்சூரன்ஸ் பற்றி யோசனை கேட்டுப்போனவர்களின் விரல்களும் அதில் இருந்தன.

கதவைத் திறந்தது அவர் மனைவி ஷ்யாமளா ஆன்ட்டி. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. விழுந்தது அவள்தான் என்று தெரிந்ததும் மஹாவின் கோபம் ஒரு நொடி தடுமாறியது.

"ரொம்ப வலிக்குதா ஆன்ட்டி?"

"பரவால்லம்மா, சுளுக்குதான். உள்ள வா."

பத்மநாபன் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார். பதினாலு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர். போலீஸ், கேஸ், கம்ப்ளெயின்ட் என்று எது வாசல் பக்கம் வந்தாலும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

"அங்கிள், அது என் வண்டின்னு எப்படி சொன்னீங்க? நம்பர் பாத்தீங்களா?"

"நம்பர் பாக்கற நெலமையிலயா இருந்தா அவ? கீழ விழுந்து கெடந்தா. டார்க் கலர் கார், காட்டுக் கத்தல் மாதிரி சத்தம். எங்காத்து ஜன்னலே அதிர்ந்தது. இந்த காம்ப்ளக்ஸ்ல அந்த மாதிரி வண்டி உன்னைத் தவிர யார் வெச்சிண்டிருக்கா?"

"டெக்சாஸ்ல லட்சம் பேர் வெச்சிருக்காங்க அங்கிள். நான் அந்த நேரத்துல ரேஸ் ட்ராக்ல இருந்தேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? ரேஸ் ஓட்றவ நீ."

மஹாவைக் காப்பாற்ற வேண்டிய உண்மையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பத்மநாபன் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "தப்பா எடுத்துக்காதே. படிச்ச பொண்ணு, நல்ல குடும்பத்துப் பொண்ணு. எங்க அனன்யாவைப் பாரு. சனிக்கிழமை சாயங்காலம்கூட லைப்ரரிதான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு இந்தச் சத்தம், பொகையெல்லாம் பிடிக்கறதே இல்லம்மா. எலெக்ட்ரிக், க்ளீன், சைலண்ட். நீதான் என்னமோ பழைய காலத்துல மாட்டிண்டிருக்கே."

அவருக்குப் பின்னால் உள்ளறை வாசலில் அனன்யா நின்றிருந்தாள்.

வார்த்தை மஹாவின் நாக்கு நுனிவரை வந்தது. உங்க பொண்ணுதான் பக்கத்து லேன்ல இருந்தா, உங்க கார்லதான் இருந்தா. ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் அந்த அறையே தலைகீழாகியிருக்கும். ஆனால் காட்டிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று மஹாவுக்குத் தெரியும். அவள் கார் வாங்கிய மறுநாளே, சொந்தக்காரர் யாரோ அந்தப் படத்தைப் பள்ளபட்டிக்கு அனுப்பிவிட்டார். அவளாக அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், "நீ அங்க என்னடி பண்ணிட்டு இருக்க?" என்று அம்மாவின் அழைப்பு வந்தது. அதற்குப்பின் ஒரு மாதம் அம்மா பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் தானே சொல்லும் உரிமையை இன்னொருத்தர் பிடுங்கிக்கொண்டது அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

"நான் லீஸிங் ஆபீஸ்ல பேசிக்கறேன்" என்று வெளியே வந்துவிட்டாள்.

அனன்யா பார்க்கிங் வரை ஓடிவந்தாள். அம்மா விழுந்தபோது தான் பக்கத்தில் இல்லை, பொய் சொல்லிவிட்டுப் போயிருந்ததை எப்படி வீட்டில் சொல்வது என்று அழுதாள். அப்பா இனி காரைத் தொட விடமாட்டார் என்றாள்.

"என் காரை வெள்ளிக்கிழமை இழுத்துட்டுப் போவாங்க. உன்னால காரைத் தொட முடியாது, எனக்குக் காரே இருக்காது" என்றாள் மஹா. "உன்னை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். அது என் முடிவு. ஆனா நீ வாயை மூடிட்டு இருந்தா, அது உன் முடிவு. அதுக்கு என்ன பேருன்னு நீயே யோசிச்சுக்கோ."

செவ்வாயும் புதனும் மஹா, தன் பெயருள்ள பதிவு கேட்டு ட்ராக் ஆபீஸுக்குப் போன் போட்டாள். ரேஸ் இல்லாத நாட்களில் அங்கே பதிவு செய்த குரல்தான் பேசியது. வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு, அவள் கேட்டுக்கொண்டபடி, குடியிருப்பின் லீஸிங் ஆபீஸில் கூட்டம். மேனேஜர் டெனிஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பத்மநாபனும் ஷ்யாமளாவும். மறுபக்கம் மஹா, தனியாக.

மஹா அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். டெனிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தேதி சரி, நேரம் சரி. ஆனால் பெயர் இல்லையே, வெறும் நம்பர்தானே இருக்கிறது என்றாள். பத்மநாபன் சீட்டை வாங்கிப் பார்த்தார். இன்ஜினியர் மூளை உடனே வேலை செய்தது.

"பக்கத்துலயே இன்னொரு நம்பர் இருக்கே, நாலு ஒண்ணு எட்டு. அது யாரு? தெரிஞ்சவாளா?"

"தெரிஞ்சவங்கதான்."

"அப்போ அவாளைக் கூட்டிண்டு வா. வந்து சொல்லட்டும். அத்தோட முடிஞ்சுது."

"அதை நான் சொல்ல முடியாது அங்கிள்."

"ஏன்?"

"சொல்ல வேண்டியது நான் இல்ல."

பத்மநாபன் டெனிஸைப் பார்த்துக் கையை விரித்தார். பார்த்தீர்களா என்கிற மாதிரி. அந்தக் கை விரிந்ததைத்தான் மஹாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். டெனிஸுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினாள்.

"என்னிடம் ஒருவராவது வந்து கேட்டீர்களா? என் வண்டிப் படத்தை நம்பரோடு ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள். என் கதவில் ஒட்டினீர்கள். இதே கார் வாசலில் இரண்டு வருடமாக நிற்கிறது, ஒரு நாள் இந்த வளாகத்துக்குள் பத்து மைல் வேகத்தைத் தாண்டியிருக்கிறேனா? வேகமாக ஓட்ட ஒரு மணி நேரம் போய், வரிசையில் நின்று, சோதனை செய்ய விட்டு, ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவள் நான். எவனோ நாலு பேர் ரோட்டில் ஆடியதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?"

கதவு திறந்தது. அனன்யா முதுகில் கல்லூரிப் பையோடு நின்றாள். எவ்வளவு நேரம் வெளியே நின்றாளோ தெரியாது. அவள் அப்பாவைப் பார்த்து, தட்டுத் தடுமாறி, தமிழில் சொன்னாள்.

"அது நான்ப்பா, அக்கா பக்கத்து லேன்ல. நாலு ஒண்ணு எட்டு. நம்ம கார். நான் லைப்ரரி போகலை."



"நம்ம காரா? ரேஸுக்கா?" என்றார் பத்மநாபன்.

"பதினொண்ணு புள்ளி ஒம்பது நாலு" என்றாள் அனன்யா. அழுகைக்கு நடுவிலும் அந்த எண்ணைச் சொல்லும்போது அவள் தலை லேசாக நிமிர்ந்தது.

அவர் மஹாவின் பக்கம் திரும்பினார். "நீதான் அவளை இதுல இழுத்து விட்டியா?"

"இல்லப்பா. அக்கா வர்றது எனக்குத் தெரியவே தெரியாது. நானா போறேன். நாலு மாசமா."

அப்போதுதான் ஷ்யாமளா வாயைத் திறந்தாள். "ஏன்னா, நான் அன்னிக்கே சொன்னேனே. அந்தக் கார்ல ரெண்டு பக்கமும் பின் ஜன்னல் மேல பசங்க ஒக்காந்துண்டு கத்திண்டிருந்தான்னு. மஹா வண்டிக்குப் பின் கதவே கெடையாதே. நீங்க அதை எழுதவே இல்லையா?"

டெனிஸுக்கு அனன்யா மொழிபெயர்த்தாள். டெனிஸ் புகார்க் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் பத்மநாபனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டீஸை ரத்து செய்வதாகச் சொன்னாள்.

"எழுத்தில் வேண்டும்" என்றாள் மஹா. "கதவில் ஒட்டியது எழுத்தில்தானே."

கடிதம் அச்சாகி வரும் வரை அவள் உட்காரவில்லை. பத்மநாபன் மகளை அழைத்துக்கொண்டு, மஹாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அன்று இரவு வாட்ஸப் குழுவில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆதரவுக்கு நன்றி. அவ்வளவுதான். யாருக்குப் பிரச்சினை, யார் தீர்த்தது, யார்மேல் பழி போட்டோம், ஒன்றும் இல்லை. மஹா டெனிஸின் கடிதத்தைப் படமெடுத்து அதற்குக் கீழே போட்டாள். "அன்று வட்டமடித்தது என் கார் இல்லை என்று ஆபீஸே எழுதிக்கொடுத்திருக்கிறது. என் நம்பர் பிளேட் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினாள். முப்பத்தேழு பேரில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருத்தி ஷ்யாமளா.

மூன்று வாரம் கழித்து, வேறொரு சாலைச் சந்திப்பில் வட்டமடித்த ஒரு கூட்டத்தைப் போலீஸ் பிடித்ததாகச் செய்தி வந்தது. படத்தில் கறுப்பு நிற நாலு கதவு கார். அதே பையன்களா என்று யாருக்கும் தெரியாது. மஹாவுக்கு அவர்கள்மேலும் ஆத்திரம்தான். அவர்கள் தெருவில் ஆடும் ஆட்டத்துக்கு, ட்ராக்கில் வரிசையில் நிற்கிற நர்ஸும் கல்லூரிப் பிள்ளைகளும் இன்சூரன்ஸில் விலை கொடுக்கிறார்கள். கெட்ட பெயரும் அவர்களுக்குத்தான்.

பத்மநாபன் தன் காருக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டார். அனன்யா ஒரு ட்யூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பழைய டர்போ கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாளாம், வி-எய்ட்டுக்கு இப்போது கட்டுப்படி ஆகாது என்கிறாள். லைப்ரரி என்று இனி சொல்லப்போவதில்லை, சொல்லிவிட்டே போகப்போகிறேன் என்கிறாள்.

வீட்டை மாற்றிவிடலாமா என்று மஹாவும் ஒரு வாரம் யோசித்தாள். பக்கத்து ஊரான ஆலனில் ஒரு இடம்கூடப் பார்த்தாள். பிறகு, போனால் அவர்கள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும் என்று தோன்றியது. இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷ்யாமளா ஒரு டப்பாவில் புளியோதரை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"அவர் மனசுல வருத்தம் இருக்கும்மா. வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான் சாரி சொல்லிக்கறேன்."

மஹா டப்பாவை வாங்கிக்கொண்டாள். "நீங்க எதுக்கு ஆன்ட்டி சொல்றீங்க? விழுந்தது நீங்க. உண்மையைச் சொன்னதும் நீங்க. எழுதினவர் வரணும். எழுதின இடத்துலயே எழுதணும்."

"நியாயம்தான். சொல்றேன்" என்று ஷ்யாமளா இறங்கிப் போனாள்.

ஜூலை முடியப் போகிறது. அவர் இன்னும் வரவில்லை.